எப்போது கை வைப்பது, எப்போது வைக்காமலிருப்பது

என்னோடு பணிபுரிந்த ஒருவருக்கு ஒரு நாள் மதிய இடைவேளையில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே வலிப்பு வந்தது. அவர் சரிந்து தரையில் விழுந்ததும் அறையில் இருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அவரை நோக்கிப் பாய்ந்தோம். நான் அவருடைய தோள்களைத் தரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இன்னொருவர் கால்களைப் பிடித்தார். நாக்கைக் கடித்துக்கொள்வார் என்று யாரோ கத்தியபோது, மேசையிலிருந்த கரண்டியை எட்டி எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். அதை அவருடைய பற்களுக்கிடையே திணித்தார்கள். சிறிது நேரத்தில் வலிப்பு தானாகவே அடங்கிவிட்டது. ஆனால் முன்பல் ஒன்றின் நுனி உடைந்திருந்தது. நான் அமுக்கிப் பிடித்த தோளில் அவருக்குப் பல நாள் வலி நீடித்தது. வலிப்பினால் அவருக்கு நேர்ந்ததைவிட எங்களால் நேர்ந்தது அதிகம். ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியவர், "அடுத்த முறை வந்தால் என்னைச் சும்மா விட்டுவிடுங்கள், அதுவே பெரிய உதவி" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்புக்கு எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

சில மாதங்களுக்குப் பின் நடந்தது இதற்கு நேர் எதிரானது. ரயில் நடைமேடையில் என்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்றிருந்த பெரியவர் ஒருவர் திடீரென்று மடங்கி விழுந்தார். இம்முறை யாரும் பாயவில்லை. முந்தைய அனுபவம் தந்த அச்சத்தில் நானும் ஒதுங்கி நின்றேன். அவருடைய வாய் விட்டுவிட்டுத் திறந்து, குறட்டை போன்ற ஒலியோடு காற்றை இழுத்தது. "மூச்சு இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நாங்கள் எல்லோரும் அதை நம்பிக் காத்திருந்தோம். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவரை ஒரு முறை பார்த்ததுமே மண்டியிட்டு மார்பை அழுத்தத் தொடங்கினார்கள். அவர் பிழைத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைத்தேன், வைக்க வேண்டிய இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்பதை மட்டும் அன்றிரவு தெளிவாக உணர்ந்தேன். அடுத்த மாதமே இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன்.

கட்டுப்போடுவதில்தான் பயிற்சி தொடங்கும் என்று நினைத்துப் போனேன். பல ஆண்டுகள் ஆம்புலன்ஸில் பணியாற்றிய அம்மையார் ஒருவர்தான் எங்கள் பயிற்றுநர். முதல் ஒரு மணி நேரம் அவர் எங்களை எதையும் தொடவிடவில்லை. மாறாக, ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து, தரையில் கிடந்த ஒரு பயிற்சியாளரைக் காட்டி, "என்ன தெரிகிறது, சொல்லுங்கள்" என்றார். நான் நேராகப் போய் அவர் அருகில் மண்டியிட்டேன். "நீங்களும் செத்துவிட்டீர்கள்" என்றார் அம்மையார். கிடந்தவரின் கையருகே மின்விசிறியின் அறுந்த ஒயர் ஒன்றை வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்க்கவே இல்லை. மின்சாரம், தீ, ஓடும் வண்டிகள், நச்சுக்காற்று, ஆழமான நீர் ஆகியவை விழுந்தவரை வீழ்த்தியது போலவே உதவ வருபவரையும் வீழ்த்தும் என்பதால், நெருங்குவதற்கு முன் நின்று சுற்றிலும் பார்ப்பதுதான் முதலுதவியின் முதல் செயல். இதற்கு மூன்று அல்லது நான்கு நொடிகள் போதும். ஆனால் பதற்றத்தில் இருப்பவனுக்கு அந்த நான்கு நொடி நிற்பது எவ்வளவு கடினம் என்பதை, அன்று மூன்று முறை "செத்த" பிறகுதான் புரிந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த பாடம் குரல். நான் இயல்பிலேயே மெதுவாகப் பேசுகிறவன். முன்பின் தெரியாதவரிடம் ஒரு வேலையை ஏவுவது எனக்குக் கூச்சம். "யாராவது ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள்" என்று நான் பொதுவாகச் சொன்னபோது, அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல் அசையாமல் நின்றார்கள். அப்படி நிற்க வேண்டும் என்று அம்மையார் அவர்களிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. கூட்டம் கூடியிருக்கும்போது ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று காத்திருப்பதைச் சமூக உளவியலாளர்கள் டார்லியும் லட்டானேயும் 1968-இல் வெளியிட்ட ஆய்விலேயே விளக்கியிருக்கிறார்கள். ஆகவே ஒருவரை விரல் நீட்டிக் காட்டி, "நீலச் சட்டை போட்டிருப்பவரே, நீங்கள் அவசர எண்ணை அழையுங்கள், அழைத்துவிட்டு என்னிடம் வந்து சொல்லுங்கள்" என்று வேலையையும் அதன் முடிவையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுக் கைகளை விடுவித்துக்கொள்ளலாம். மறுமுனையில் இருப்பவர் பல இடங்களில் ஒவ்வொரு படியாகச் சொல்லியும் தருவார். இந்தக் குரல் பயிற்சிக்காக அன்று மதியம் முழுதும் வெட்கப்பட்டுக்கொண்டே கத்தினேன். கட்டுப்போடும் முறைகளில் பாதி எனக்கு மறந்துவிட்டது. கத்திப் பழகியது மறக்கவில்லை.

பிறகுதான் பொம்மைகளை வெளியே எடுத்தார்கள். மூடிய மார்பின் மேலிருந்தே அழுத்தி இதயத்தை இயக்கலாம் என்பதைக் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் 1960-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். பொம்மை செய்து விற்றுவந்த நார்வேக்காரர் ஆஸ்முண்ட் லேர்டால் அதே ஆண்டில் பயிற்சிக்கான உருவத்தை வெளியிட்டார். அந்தப் பொம்மையின் முகம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் ஸேன் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண் ஒருத்தியின் முக அச்சிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் கதையைக் கேட்டபின், அதன் முன் மண்டியிட்டபோது எனக்கு விளையாட்டுத்தனம் முற்றிலும் போய்விட்டது.

நான் தெரிந்துகொண்ட முறை இது. தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் தலையைப் பின்னோக்கிச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, காதைக் கொடுத்துக் கேட்டு, கன்னத்தில் காற்று படுகிறதா என்று உணர வேண்டும். இதற்குப் பத்து நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கேதான் அம்மையார், இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு வரும் ஒழுங்கற்ற, இழுத்து இழுத்து விடும் மூச்சைத் தம் வாயால் செய்து காட்டினார். நடைமேடையில் நான் கேட்ட ஒலி அதுதான். அது மூச்சு அல்ல. இதயம் நின்றுவிட்டது என்பதற்கான அறிகுறி. பதிலும் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் ஐயம் இருந்தாலும் மார்பை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். இதயம் துடித்துக்கொண்டிருப்பவரைத் தவறுதலாகச் சில முறை அழுத்திவிடுவதில் உள்ள கேடு, நின்றுபோன இதயத்தை அழுத்தாமல் விடுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

மார்பின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல், தோள்கள் கைகளுக்கு நேர் மேலே வரும்படி குனிந்து அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, அதாவது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு. பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கிறார்கள். அது தெரியாதவரோ தயங்குகிறவரோ நிறுத்தாமல் அழுத்தினாலே போதும். நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் மூச்சு நின்றதுதான் தொடக்கம் என்பதால், அவர்கள் விஷயத்தில் மூச்சு கொடுப்பதன் மதிப்பு கூடுகிறது. கைக்குழந்தையின் மார்பை இரண்டு கட்டைவிரல்களால் சுமார் 4 சென்டிமீட்டர் அழுத்தினால் போதும்.

எண்களை மனப்பாடம் செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உடம்புக்குத்தான் அது ஏறவில்லை. என் முதல் முயற்சியில் ஆழம் பாதிகூட வரவில்லை. பொம்மையைக்கூட நோகடித்துவிடுவேனோ என்ற தயக்கம் இருந்தது. திருத்தியபின் ஆழம் வந்தது, வேகம் 140-ஐத் தாண்டியது. அதையும் திருத்தியபின், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் இடையே என் எடையை மார்பின் மேலேயே சாய்த்து வைத்திருக்கிறேன் என்று அம்மையார் சுட்டிக்காட்டினார். மார்பு முழுவதும் மேலெழும்பினால்தான் இதயத்துக்குள் ரத்தம் மீண்டும் நிரம்பும். நிரம்பாத இதயத்தை எவ்வளவு அழுத்தினாலும் வெளியே போக ஒன்றும் இருக்காது. இரண்டாவது நிமிடத்தில் என் கைகள் நடுங்கத் தொடங்கின. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளச் சொல்வதன் காரணம் அப்போது புரிந்தது. விலா எலும்பு முறியாதா என்று ஒருவர் கேட்டதற்கு, "முறியலாம். முறிந்த விலா கூடும்; போன உயிர் திரும்பாது" என்று அம்மையார் சுருக்கமாகப் பதில் சொன்னார்.

ஏஇடி எனப்படும் மின்னதிர்வுக் கருவியைப் பற்றி எனக்கு ஒரு வீண் அச்சம் இருந்தது: தவறாகப் பொத்தானை அழுத்தி ஒருவரைக் கொன்றுவிட்டால் என்ன செய்வது? கருவியைத் திறந்ததும் அதுவே பேசத் தொடங்குகிறது. ஒட்டுப் பட்டைகளில் ஒன்றை வலது காறையெலும்புக்குக் கீழேயும், மற்றொன்றை இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கத்திலும், ஈரம் துடைத்த வெறும் மார்பில் ஒட்ட வேண்டும். இதயத்தின் துடிப்பைக் கருவியே ஆராய்ந்து, அதிர்வு தேவைப்படும் நிலை இருந்தால்தான் அதை அனுமதிக்கிறது. அந்த நேரத்தில் யாரும் அவரைத் தொடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே நம் பொறுப்பு. மார்பு அழுத்தமும் மின்னதிர்வும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம்வரை குறைகிறது என்று படித்தபின், நான் அடிக்கடி போகும் கட்டடங்களில் இந்தக் கருவி எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

இரண்டாம் நாளின் பெரும்பகுதி எதைச் செய்யக் கூடாது என்பதிலேயே கழிந்தது. வலிப்பு வந்தவரைப் பிடித்து அமுக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது. நாக்கை அவர் விழுங்கிவிட முடியாது. கடித்துக்கொள்ளலாம், அந்தக் காயம் ஆறிவிடும், ஆனால் உடைந்த பல் மூச்சுக்குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சுற்றியுள்ள நாற்காலி மேசைகளை நகர்த்தி, தலைக்கு அடியில் மென்மையாக ஏதாவது வைத்து, மணி பார்க்க வேண்டும். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ, அது வாழ்க்கையில் முதல் முறை என்றாலோ உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வடியும், மூச்சுப்பாதை அடைபடாது. அம்மையார் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கும் பழக்கமும் தவறுதான். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். முன்னோக்கிக் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை இரண்டு விரல்களால் விடாமல் 10 நிமிடம் பிடித்திருக்க வேண்டும். உடலில் குத்தி நிற்கும் பொருளை உருவக் கூடாது. விபத்தில் விழுந்தவரை, தீயோ வண்டியோ நெருங்கும் ஆபத்து இல்லாத வரையில் தூக்கவோ உட்கார வைக்கவோ கூடாது. பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், மேலே இறுகக் கட்டுவதும் கேட்டையே கூட்டும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மருத்துவமனைக்கு விரைவதுதான் வழி.

இத்தனை தடைகளுக்கு நடுவே விதிவிலக்காக இரண்டு இருந்தன. ஒன்று, பீறிடும் ரத்தம். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, முழு பலத்தோடு அழுத்தி, நின்றுவிட்டதா என்று நொடிக்கொரு முறை தூக்கிப் பார்க்காமல் அப்படியே பிடித்திருக்க வேண்டும்; துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. கை கால்களில் அதற்கும் கட்டுப்படாமல் உயிருக்கு ஆபத்தாகும் அளவில் ரத்தம் போனால் மட்டும், காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல், ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் டூர்னிக்கே பட்டையை இறுக்கி, இறுக்கிய நேரத்தைக் குறித்துவைத்து, அதை மருத்துவர் தவிர யாரும் தளர்த்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று, தொண்டையில் அடைப்பு. இருமவோ பேசவோ முடிகிற ஒருவரை இருமச் சொல்லி ஊக்கினாலே போதும், முதுகில் தட்ட வேண்டாம். குரலே எழும்பாமல் கழுத்தைப் பிடித்துக்கொள்பவருக்கு, முன்னோக்கிக் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை அடிக்க வேண்டும். போகவில்லையென்றால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே மடக்கிய கைமுட்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை இழுப்பு. இவற்றை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் அல்ல, மார்பில். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வயிற்றில் கை வைக்கக் கூடாது. முன்கையில் தலை தாழக் கவிழ்த்து 5 முறை முதுகில் தட்டி, பிறகு திருப்பி மார்பில் 5 முறை அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டால் அது இன்னும் ஆழமாகப் போய்விடும். பேச்சிழந்து நினைவும் தப்பினால், உடனே மார்பு அழுத்தம்.

பயிற்சி முடிந்த மூன்றாவது மாதம் என் அக்காள் மகளின் முன்கையில் கொதிநீர் கொட்டிவிட்டது. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஐந்தாவது நிமிடத்திலேயே, "போதும் தம்பி, மருந்து எதையாவது தடவு" என்று அக்காள் அழாத குறையாகக் கேட்டாள்; பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் பனிக்கட்டியோடும் இன்னொருவர் பற்பசையோடும் வந்து நின்றார்கள். பனிக்கட்டி வெந்த தசையை மேலும் கெடுக்கும். பற்பசை சூட்டை உள்ளேயே அடைத்து, மருத்துவர் காயத்தைப் பார்ப்பதற்கும் தடையாகும். வீக்கம் வருவதற்குள் வளையல்களை மட்டும் கழற்றிவிட்டு, உடம்பின் மற்ற பகுதி குளிராதபடி அவளை ஒரு போர்வையால் சுற்றி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இருபது நிமிடம் என்பது படிக்கும்போது ஒரு வரி. அழும் பிள்ளையின் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது மிக நீண்ட நேரம். பிறகு ஈரமான சுத்தத் துணியைத் தளர்வாகப் போர்த்தி மருத்துவரிடம் கொண்டுபோனோம். கொப்புளங்களை உடைக்காமல் கொண்டுவந்தது நல்லது என்றார் அவர்.

ஓராண்டு கழித்துப் புதுப்பிப்பு வகுப்புக்குப் போனபோது, என்னிடம் இருந்ததாக நான் நம்பிய திறமையில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. வேகம் குறைந்திருந்தது, கைகள் மார்பின் நடுவிலிருந்து விலகி வயிற்றுப் பக்கம் இறங்கியிருந்தன. சில மாதங்களிலேயே இது தேய்ந்துவிடும் என்றார் அம்மையார். அதன்பின் மாதத்துக்கு ஒருமுறை, கடினமான தலையணை ஒன்றைத் தரையில் போட்டு, போனில் நிமிடத்துக்கு 110 தாளம் வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பழகுகிறேன். வீட்டில் உள்ளவர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களும் ஆளுக்கு இரண்டு நிமிடம் அழுத்துகிறார்கள். என் பையில் கையுறை இரண்டு ஜோடி, காயத்தில் வைக்கும் துணி, சுருள் பேண்டேஜ், முக்கோணத் துணி, ஒரு சிறிய கத்தரிக்கோல், ஒரு பேனா ஆகியவை இருக்கின்றன. முதலில் வாங்கிய பெரிய பெட்டியில் நாற்பது பொருள்கள் இருந்தன. அதைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாமல் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

சென்ற ஆண்டு இறுதியில் என் சக ஊழியருக்கு மீண்டும் வலிப்பு வந்தது, அதே அறையில். நாற்காலிகளை இழுத்து அப்பால் தள்ளினேன். என் மேலங்கியை மடித்து அவர் தலைக்கடியில் வைத்தேன். ஓடிவந்த இருவரைப் பெயர் சொல்லி நிறுத்தி, ஒருவரிடம் கதவைச் சாத்திக் கூட்டத்தை வெளியே வைக்கவும், மற்றவரிடம் தொலைபேசியோடு தயாராக நிற்கவும் சொன்னேன். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, அவரைத் தொடாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு சீராக இருப்பதைப் பார்த்துக்கொண்டேன். சற்று நேரம் கழித்துக் கண் விழித்தவர், முதலில் நாக்கால் தம் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஒரு நிமிடம் நாற்பது நொடி என்றேன். மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று அதைக் குறித்துக்கொண்டார்.